ஊழியுரையும் கால வழுவமைதியும்: அந்தமான் நிக்கோபார்க் கடல்கோளை முன்வைத்து

வினையியலில் தொல்காப்பியர் காலமயக்கத்திற்கு இடம் தருகிறார். இனி நடக்கவேண்டிய வினையை இறந்தகாலத்தால் கூறுவது விரைவுப் பொருளைத் தரும் என்பது அவர் விதி. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு அன்றாட வீட்டு வாழ்க்கையிலிருந்து வருவது. உள்ளே ஒருவன் உண்டுகொண்டிருக்கிறான். வாசலில் துணைவன் காத்திருந்து விரைவுபடுத்துகிறான். உள்ளிருப்பவன் உண்டுவிட்டதாகவும் வந்துவிட்டதாகவும் குரல் கொடுக்கிறான். இதனை இருவரும் பொய் என்று கொள்வதில்லை. வாசலில் நிற்பவன் சற்றுப் பொறுப்பான். பொறுத்தும் ஆள் வரவில்லையெனில் உள்ளே எட்டிப் பார்ப்பான். நன்னூலார் இக்காரணங்களை விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என விரித்தார். தெளிவுக்கு உரைகளில் வரும் எடுத்துக்காட்டு வேறு தன்மையது. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டில் ஏறுவதைக் கண்டவன், இன்னும் பெய்யாத மழையைப் பெய்ததாகவே சொல்லிவிடுகிறான்.

இரண்டும் எதிர்காலத்தை இறந்தகாலமாக்குவனவே. எனினும் முன்னதில் பேசுவோனின் அவசரம் மட்டும் இருக்கிறது. பின்னதில் கண்ணால் கண்ட குறி ஒன்று இருக்கிறது. உலகின் முடிவு நெருங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் நாள்தோறும் கூறும் சமய உரைகளை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு நோக்கினால், அவற்றின் ஆற்றல் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டுவதில் அடங்கியிருப்பதைக் காணலாம். விரைவு அங்கே தெளிவின் வேடம் பூணுகிறது. 2004 திசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழர் இவ்வுரைகளைக் கேட்ட சூழலை முன்னிறுத்தி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வகை உரைகளை ‘ஊழியுரை’ என்ற சொல்லால் இங்குக் குறிக்கிறேன். கிறித்தவ வழக்கிலுள்ள ‘ஊழியம்’ என்ற சொல்லோடு இதனை மயங்கலாகாது. ஊழி என்பது இங்கு யுகமுடிவே.

கடல் கொண்டதும் கடல் தண்டித்ததும்

தமிழ் மரபில் கடல்கோள் நினைவு பழையது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் பாண்டியனைப் புகழும்போது பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலால் கொள்ளப்பட்டமை பேசப்படுகிறது. முல்லைக்கலியிலும் கடலிடம் நிலம் இழந்த பாண்டியன் வேறு நிலம் வென்று ஈடுசெய்த செய்தி வருகிறது. இறையனார் களவியலுரை முச்சங்க வரலாற்றோடு கடல்கோளை இணைக்கிறது. இவ்விடங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. யார் செய்த குற்றத்திற்காகக் கடல் வந்தது என்னும் கேள்வி எழுவதேயில்லை. ‘கொள்’ என்னும் வினைக்குக் கடலே எழுவாய். கடல் கொண்டது, அவ்வளவே. அதன்பின் மன்னன் என்ன செய்தான் என்பதற்குச் செய்யுள் நகர்ந்துவிடுகிறது.

மணிமேகலை இதிலிருந்து விலகுகிறது. இந்திரவிழாவை மறந்தால் புகார் நகருக்குக் கேடு நேரும் என்ற அச்சத்தோடுதான் அக்காப்பியம் தொடங்குகிறது. நாகநாட்டுப் பீலிவளை பெற்ற மகனைக் கடலில் இழந்த சோழன், துயரத்தில் மகனைத் தேடியலைந்து விழாவை மறக்கிறான். நகரைக் கடல் கொள்கிறது. குற்றமும் தண்டனையும் எனக் கடல்கோளைப் படிக்கும் முறைக்குத் தமிழில் முதன்மையான சான்று இதுவே. ஆகவே ‘பாவத்தால் கடல் பொங்கியது’ என்னும் விளக்கத்தை மேலைச் சமயத்தின் இறக்குமதி என்று தள்ளிவிட இயலாது. நம் வீட்டிலும் அது இருந்தது.

ஆனால் காப்பியம் அக்குற்றத்தை யார்மேல் வைக்கிறது என்பது கருதத்தக்கது. குற்றம் அரசனுடையது, அதுவும் மகனை இழந்தவனின் மறதி. மூழ்கிய நகரின் மக்கள்மேல் ஒரு சொல்லும் விழவில்லை. மேலும், கடல்கோளைப் பற்றிக் கேட்டறிந்த மணிமேகலை அதனைக் கொண்டு எவரையும் அச்சுறுத்தவில்லை. வறட்சியால் வாடிய காஞ்சிக்குச் சென்று அமுதசுரபியைக் கையில் ஏந்துகிறாள். பேரழிவைப் பற்றிய அறிவு அக்காப்பியத்தில் சோறாக முடிகிறது.

இக்காப்பியத்திற்கும் இத்தீவுகளுக்கும் உள்ள உறவு குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். கப்பல் உடைந்து சாதுவன் கரையேறும் நக்கசாரண நாகர் நாட்டை நிக்கோபாராகக் கருதும் ஆய்வாளர் உளர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. மெய்க்கீர்த்தியின் சான்று வலுவானது. சாதுவன் கதையின் சான்று பெயரொப்புமையில் நிற்பது. இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதிச்செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்திற்குப் பின்னர் வருவேன்; ஊழியுரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நாள் குறித்தவர்கள்

முடிவு நாளைக் குறித்துச் சொன்னவர்கள் வரலாற்றில் பலர். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ எதிர்நோக்கிக் காத்திருந்தனர். 1954 திசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும் என்று நம்பிய சிறு குழு ஒன்றைச் சமூக உளவியலார் லியோன் பெஸ்டிங்கரும் அவருடைய இரு துணையாசிரியரும் உடனிருந்து கவனித்து 1956இல் நூலாக வெளியிட்டனர். முன்னறிவிப்புப் பொய்த்தபின் நம்பிக்கை குறைவதற்கு மாறாகப் பரப்புரை மிகுந்தது என்பது அவர்கள் கண்டது. வானொலிப் பேச்சாளர் ஹெரால்ட் கேம்பிங் 1994இலும், பின்னர் 2011 மே 21, அக்டோபர் 21 ஆகிய நாள்களிலும் முடிவு வரும் என்றார். 2012இல் தம் தவற்றை எழுத்தால் ஒப்புக்கொண்டார். இவ்வரிசையில் அவ்வாறு ஒப்புக்கொண்டவர் மிகச் சிலர் என்பதால் அவருக்கு ஒரு தனியிடம் தரலாம்.

இது கிறித்தவத்திற்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணுவது பிழை. 1962 பிப்ரவரித் தொடக்கத்தில் மகர இராசியில் எட்டுக் கிரகங்கள் கூடியபோது இந்தியா முழுவதும் வேள்விகள் நடந்தன. பயணங்களையும் திருமணங்களையும் ஒத்திவைத்தோர் பலர். எட்டுக் கிரகக் கூட்டம் கலைந்தது, உலகம் இருந்தது. பஞ்சாங்கம் மட்டும் அடுத்த ஆண்டும் அச்சாயிற்று.

தமிழர்க்கு அணுக்கமான நிகழ்ச்சி திருவிதாங்கூரில் நடந்தது. திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைச் சூழ 1860இல் எழுந்த சமய எழுச்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலும் பரவியது. அந்தச் சூழலில் 1870களில் மத்திய திருவிதாங்கூரில் தோன்றிய இயக்கத்தின் தலைவர் ஜஸ்டஸ் ஜோசப். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமய்யனாகப் பிறந்து, 1861இல் கிறித்தவரானவர். வித்வான்குட்டி என்று மக்கள் அழைத்தனர். 1875இல் அவ்வியக்கத்தில், ஆறாண்டுகளில், அதாவது 1881இல், கிறித்துவின் வருகை நிகழும் என்ற அறிவிப்பு எழுந்தது. 1881 வந்து போயிற்று. இயக்கத்தார் வருகை நிகழ்ந்துவிட்டது, ஆயின் புறக்கண்ணுக்குப் புலப்படாத வகையில் நிகழ்ந்தது என்று பொருள்கொண்டு, ‘யுயோமயம்’ என்ற புதிய நெறியை அறிவித்தனர். பெரும்பாலோர் விலகினர். காலம் கணிப்பைத் தள்ளிவிட்டது. வித்வான்குட்டி இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை மட்டும் தள்ளவில்லை. கேரளத்தில் வேறு வேறு சபையினர் இன்றும் அவற்றைப் பாடுகின்றனர். காத்திருப்பின் ஏக்கம் பாட்டில் மெய்யாக இருந்ததால் அது நின்றது என்பது என் கருத்து. ஏக்கத்திற்கு நாள் தேவையில்லை. கணிப்புக்குத் தேவை.

அதே 1881இன் கடைசி நாளில், திசம்பர் 31 அன்று, கார் நிக்கோபாருக்கு அருகே கடலடியில் வலிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 7.9 எனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். எழுந்த அலை சிறியது. ஆயினும் வங்கக் கடலோரத்துக் கடல்மட்டப் பதிவுக் கருவிகள் அதனைப் பதிந்து வைத்தன. அப்பதிவுகளைக் கொண்டு நிலநடுக்கத்தின் இடத்தையும் பரப்பையும் மீட்டுரைத்த ஆய்வு 2003இல், பேரலைக்கு ஓராண்டுக்கு முன் வெளிவந்தது. உலகம் முடியும் என்று மலைக்கு மேற்கே பலர் காத்திருந்த அதே ஆண்டில், இங்கே கடல் தன் இயல்பைக் காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டியிருக்கிறது. அதனை எவரும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாள் குறியாதவர்கள்

தொலைக்காட்சிக் காலத்து ஊழியுரை, 1844இலிருந்தும் 1881இலிருந்தும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது: நாளை விட்டுவிடுவது. மத்தேயு நற்செய்தி அந்த நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்று கூறுவதால் இதற்கு மறை ஆதரவும் கிடைக்கிறது. ஆனால் அதே மறைநூலின் உபாகமம் 18ஆம் அதிகாரம் சொன்னது நிறைவேறாவிடில் அது இறைவன் சொன்னதன்று எனத் தெளிவான சோதனை ஒன்றையும் வைத்திருக்கிறது. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து தப்பும் மொழி எவ்வாறு அமைகிறது என்பதே இலக்கண மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் ஒலிபரப்புவழி நற்செய்திப் பணி அனைத்தையும் இவ்வகையில் அடக்கலாகாது. ‘இயேசு அழைக்கிறார்’ இயக்கத்தை நிறுவிய டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) போன்றோரின் பேச்சில் மேலோங்கி நின்றது நோயுற்றோர்க்கும் வறியோர்க்குமான ஆறுதலும் வேண்டுதலுமே. அற்புதங்கள் பற்றிய கேள்விகள் தனி. ஊழியுரை அதிலிருந்து வேறானது. அதன் கருத்து வேர், 1830களில் இங்கிலாந்தில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த போதனையில் இருக்கிறது. தமிழ்ச் சபைகளில் ‘இரகசிய வருகை’ என்று வழங்கும் கோட்பாடு அதுவே. அதன் மொழி வேரோ 1871இல் முற்றுப்பெற்ற, ஹென்றி பவர் தலைமையில் அமைந்த தமிழ் வேதாகமத் திருத்தத்தில் இருக்கிறது. அம்மொழிபெயர்ப்பின் ‘சமீபம்’ என்ற சொல் ஊழியுரையின் தூண். இடத்தின் அணுக்கத்தைக் குறிக்கும் சொல் காலத்திற்கு ஏறி நிற்கிறது. இடத்தில் அணுக்கம் என்றால் அளக்கலாம். காலத்தில் சமீபம் என்றால் எவ்வளவு என்று கேட்கவே மொழி இடம் தருவதில்லை. பத்து நாளும் சமீபம், பத்து நூற்றாண்டும் சமீபம்.

அடுத்தது துணைவினை. நெருங்கிவிட்டது, தொடங்கிவிட்டது, திறக்கப்பட்டுவிட்டது என்று வாக்கியத்திற்கு வாக்கியம் வந்து விழும் ‘விடு’ முற்றுப்பொருளைத் தருவது. ஒன்றின் தொடக்கம் முடிந்ததாகச் சொன்னால், அதன் முடிவு எப்போது என்று சொல்லாமல் தப்பலாம். மூன்றாவது, எழுவாய் இன்மை. ‘எச்சரிக்கப்பட்டது’, ‘முன்னமே காட்டப்பட்டது’ எனச் செயப்பாட்டுவினையில் உரை நகர்கிறது. யாருக்கு, எந்த நாளில், எந்தச் சொல்லில் காட்டப்பட்டது? பதிவு கேட்டால் கிடைக்காது. இப்பேச்சில் திட்டவட்டமான எண் அறவே இல்லை என்றும் சொல்லமுடியாது. திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. மணிமேகலை ஏந்திய பாத்திரம் கொடுப்பதற்கு உரியது. இங்கு ஏந்தல் உண்டு, திசை மாறியிருக்கிறது.

இவ்வாறு ஆராய்வது முறையா என்று ஐயம் எழலாம். பத்தியுரை உருவகமாகப் பேசுவது. அதற்குக் கால இலக்கணத்தைக் கொண்டு அளவுகோல் வைப்பது கவிதையைக் கணக்கால் அளப்பது போன்றது என்பர். வித்வான்குட்டியின் பாட்டுக்கு இவ்வாதம் பொருந்தும். ஒரு பேரழிவு நடந்தபின் ‘நாங்கள் சொன்னது இதுவே’ என்று உரிமை கோரும் கணத்தில், பேசுவோர் தாமாகவே உருவகத்தை விட்டு வெளியே வந்து உண்மைக் கூற்றைச் செய்கின்றனர். உரிமை கோருவோர் சோதனைக்கும் உட்படவேண்டும்.

அத்தகைய உரிமை கோரலை நான் முதலில் கேட்டது 2005 தொடக்கத்தில், போர்ட் பிளேரில். (2024இல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது, பிறந்து வளர்ந்தவர்கள் நாவில் பழைய பெயரே இன்னும் வருகிறது.) அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அண்டை வீட்டில் கச்சால் தீவிலிருந்து தப்பிவந்த மூதாட்டி ஒருவர் தங்கியிருந்தார். கச்சாலில் வாழ்ந்த தமிழர் பலர், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, அங்கு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோர். தேயிலை மலையை ஒருமுறை இழந்தவர்கள், ரப்பர்க் காட்டைக் கடலுக்கு இழந்தார்கள். தொலைக்காட்சியில் உரையாளர் ஒருவர், கடல் எழுந்தது மக்களின் பாவத்தால் என்றும் இது தமக்கு முன்பே உணர்த்தப்பட்டது என்றும் கூறிக்கொண்டிருந்தார். மூதாட்டி திரையைப் பார்த்தபடியே, “அப்படி என்னா பாவம் செஞ்சோம் நாங்க?” என்றார். அது வினாவா, மறுப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் சபைக்குச் செல்பவர், நம்பிக்கையை விட்டவருமல்லர். வினாவெதிர் வினாதல் என்று இலக்கணம் சொல்லும் விடைவகை ஒன்று உண்டு. அதனைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அக்குரல் நினைவுக்கு வருகிறது.

கச்சாலைக் குறித்து மற்றொரு செய்தி. 2000 சனவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி ஆண்டு பிறக்கும் கணத்தில் ஞாயிறு உதிக்கும் இடம் என்று அத்தீவு உலகெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது. புத்தாயிரத்தின் முதற்கதிரைக் காணக் கப்பலில் விருந்தினர் வந்தனர். அந்த ஆண்டு மாற்றத்திலேயே கணினிகள் நின்று உலகம் நிலைகுலையும் என்ற அச்சமும், ஆயிரமாண்டு முடிவு பற்றிய சமயப் பேச்சுகளும் உச்சத்தில் இருந்தன. உலகத்தின் கண் ஒருநாள் காலை கச்சால்மேல் பட்டது, பின் அகன்றது. ஐந்தாண்டுகளுக்குள் அத்தீவுக்கு நேர்ந்ததை, நாளையும் இடத்தையும் அவ்வளவு நுட்பமாகக் கணித்த எவரும் முன்னுரைக்கவில்லை. 2001க்கும் 2011க்கும் இடையே கச்சாலின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நம் துறையும் இதற்கு விலக்கன்று

இங்கே தமிழாய்வுத் துறையை நோக்கியும் ஒரு கேள்வியைத் திருப்பவேண்டும். கடல்கோளுக்குப் பின் வந்த கருத்தரங்குகளிலும் சிறப்பிதழ்களிலும் குமரிக்கண்டம் மெய்ப்பிக்கப்பட்டது என்ற தொனியில் எழுதியோர் நம்முள் பலர். ஒரு நாள் காலையில் வந்து வடிந்த அலை, கண்டம் ஒன்று மூழ்கியதற்குச் சான்றாவது எங்ஙனம்? நிலத்தட்டு அசைவில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கின் அடி நீருள் ஆனது உண்மை. அதே அசைவில் வட அந்தமானின் சில பகுதிகள் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்ததும் உண்மை. முதலாவதை மேற்கோள் காட்டினோம், இரண்டாவதை விட்டுவிட்டோம். ‘எம் முன்னோர் அன்றே சொன்னார்’ என்னும் வாய்பாடு ஊழியுரையின் ‘எமக்கு முன்பே காட்டப்பட்டது’ என்பதோடு இலக்கணத்தால் ஒன்றுபட்டது. நிகழ்ந்தபின் பழைய சொல்லை எடுத்து நிகழ்ச்சிமேல் போர்த்துவதே இரண்டிலும் நடக்கிறது.

இதற்கு நேர்மாறான நல்ல எடுத்துக்காட்டும் அதே பேரலையின் பயனாகவே நமக்குக் கிடைத்தது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அலை மணலை அகற்றியபின் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து, இந்தியத் தொல்லியல் துறை 2005இல் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டுமானத்திற்குக் கீழே செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. அதனைச் சேதப்படுத்தியது கடலலையாக இருக்கலாம் என்று அகழ்ந்தோர் மண்ணடுக்கைக் கொண்டு கருதினர். அடுக்கு, ஆழம், செங்கல் அளவு என்று அங்கே பேச்சு நடந்தது. கண்டங்களைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இச்செய்தி அடிக்குறிப்பாகக்கூட வராதது வியப்பு.

எறும்பும் முட்டையும்

நிக்கோபாரில் தமிழர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகளுள் காலத்தால் முற்பட்டவை வேதப்பன் சாலமோன் என்பவருடையவை. 1895இல் சென்னை மாகாணத்திலிருந்து கார் நிக்கோபாரின் மூஸ் ஊருக்குச் சமயப் பணியாளராகவும் அரசு முகவராகவும் சென்றவர், பள்ளி நடத்தினார். பின்னாளில் ஆயராகவும், 1952 முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கிய நிக்கோபாரியர் ஜான் ரிச்சர்ட்சன் அவரிடம் பயின்றவரே. சாலமோனின் நாட்குறிப்புப் பகுதிகள் ஆங்கிலத்தில் 1902இல் அச்சேறின. அவர் நம்பிக்கையுள்ள கிறித்தவர். தீவினரின் ஆவி விரட்டும் சடங்குகளோடு அவருக்கு உடன்பாடில்லை. ஆயினும் கண்டதை நாளிட்டு எழுதினார். இத்தீவுகளுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்த தமிழ்க் கையிலிருந்து பிறந்த எழுத்து நாளிட்ட எழுத்து என்பதை, நாளில்லாத எழுத்தைப் பற்றிப் பேசும்போது மறக்கலாகாது. சமயப் பற்று ஊழியுரையில்தான் முடியவேண்டும் என்பதில்லை.

தெளிவுக்கு உரையாசிரியர் காட்டிய எறும்புக்கு ஒப்பான செய்தி லிட்டில் அந்தமானிலிருந்து வந்தது. டுகாங் கிரீக் பகுதியில் வாழ்ந்த ஓங்கே மக்கள், நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கியதைக் கண்டதும் மேட்டுக் காட்டுக்கு ஏறினர். ஏறத்தாழ நூறு பேரே உள்ள அவ்வினம் உயிர்தப்பியது. பழங்கதையாக அவர்களிடையே வழங்கிய நினைவு இதற்குக் காரணம் என்று பரவலாக எழுதப்பட்டது. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. கார் நிக்கோபாரிலும் நங்கௌரித் தீவுக்கூட்டத்திலும் தொன்றுதொட்டு வாழ்ந்த நிக்கோபாரியர் பெருந்திரளாக மாண்டனர். தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும் மூவாயிரத்திற்கு மேற்பட்டோர். பழங்குடி என்பதனாலேயே ஞானம் வந்துவிடாது. ஆனால் ஓங்கேக் கதையின் அமைப்பு நமக்கு வேண்டியது. அதில் குறி உண்டு: கடல் பின்வாங்கும். செயல் உண்டு: மேடேறு. குற்றவாளி இல்லை. குறி தோன்றாத நாளில் அக்கதை எவரையும் அச்சுறுத்துவதில்லை. வலை கட்டவும் மீன் பிடிக்கவும் விட்டுவிடுகிறது. ஊழியுரையில் இம்மூன்றும் தலைகீழ். எல்லாமே குறி. போர், வறட்சி, புதிய நோய், விலைவாசி, பிள்ளைகளின் உடை என எது நிகழ்ந்தாலும் அது சான்று. செய்யவேண்டியது அச்சப்படுவதும் அனுப்புவதும். குற்றவாளியோ கேட்டுக்கொண்டிருப்பவன்.

எல்லாமே குறியாகிவிட்ட இடத்தில் எறும்பைப் பார்ப்பவன் இல்லாமல் போகிறான். கடல் நிலநடுக்கத்திற்குப் பின் எத்தனை நிமிடத்தில் வரும், எந்த மேடு போதுமானது என்று அறிந்துகொள்ள வேண்டிய ஊரில், ஏன் வந்தது என்ற கேள்விக்கே விடை வழங்கப்பட்டது. தகரக் கூரையிட்ட இடைக்காலக் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர்க்கு அவ்விடை ஒரு வகை ஒழுங்கைத் தந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. காரணமற்ற துயரைவிடக் காரணமுள்ள தண்டனை தாங்க எளிது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு; கிறித்தவர் 21 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரு வட்டங்களும் சந்திக்கும் இடத்தில் நிற்போர்க்கு, தாய்மொழியில் வந்த அந்தக் காரணம் ஊர்க்காரர் சொல்லாகவே ஒலித்தது. அதன் விலையை இறந்தோர் செலுத்தினர். அவர்கள் பாவிகளாயினர்.

பொய்த்த எச்சரிக்கை அறிவியலிலும் அரசிலும் உண்டு. 2004 திசம்பர் 30 அன்று அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி நடுவண் உள்துறை அமைச்சகம் மற்றொரு பேரலை வரலாம் என அறிவித்தது. பிணங்களை இன்னும் அடக்கி முடிக்காத தமிழகக் கடற்கரையூர்களில் மக்கள் மீண்டும் ஓடினர். அன்றே அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அக்கணிப்பை அடிப்படையற்றது என வெளிப்படையாகத் தள்ளினார். அரசின் அப்பிழை சிறிதன்று. துயரத்தின்மேல் துயரம் சேர்த்தது. ஆயினும் அதற்கு நாள் இருந்தது, அறிவித்தவர் பெயர் இருந்தது, ஆகவே மறுக்கவும் முடிந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. ஐதராபாத் மையத்திலிருந்து எண்ணும் நேரமும் இட்ட அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிக்கோபார்த் தீவுகளில் மக்கள் மேட்டிடங்களுக்கு ஏறினர். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. அன்றைக்கே, மணி குறிப்பிட்டு, எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. மேடேறியவர்கள் இறங்கி வீடு திரும்பினர்.